ஒரு மணிப் பிரயாணம்

சென்ற மார்கழியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, எங்கள் தெருவில் நாலாவது வீட்டில் வசிக்கும் பெரியவர் ஒருவர் என் வாசற்படியில் வந்து நின்றார். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இளம் வயதிலேயே பங்காருபாளையத்துக்கு வந்து, வெல்ல மண்டியில் கணக்கெழுதிப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். மகன் இலண்டனில் உத்தியோகம் பார்க்கிறான். சென்னையில் அவருக்கு ஒரே தங்கை. அந்த அம்மாளுக்கு உடல்நிலை திடீரென்று மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், "அண்ணன் வந்துவிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதாகவும் அப்போதுதான் செய்தி வந்திருந்தது.

பெரியவரின் கையில் தொலைபேசி இருந்தது. மறுமுனையில் மகன். நமக்கு இரவு பத்து மணியென்றால் அங்கே மாலை நாலரை.

"தம்பி, நீங்கள் ரெயில்வேயில் இருப்பவர். இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் எத்தனை நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரந்தான், ஐயா" என்றேன்.

"பையனும் அதையேதான் சொல்கிறான்" என்றார் அவர். முகத்தில் சற்றுத் தெளிவு உண்டாயிற்று. காலை ஏழு மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு மகன் அங்கிருந்தபடியே டிக்கெட்டு வாங்கிவிட்டான். நானும் ஓர் உபகாரம் செய்துவிட்ட திருப்தியுடன் படுக்கச் சென்றேன்.

நடந்தவற்றைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் ஊர் திரும்பிய பிறகே கேட்டு அறிந்தேன். இரவு இரண்டு மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டிருக்கிறார். மொகிலி கணவாயில் ஏறி, பலமனேர், முளபாகல், கோலார் வழியாக விமான நிலையம் சேரும்போது ஐந்து மணி. பெட்டியை ஒப்படைத்து, சோதனைகளையெல்லாம் முடித்து உட்கார்ந்தார். பொழுது விடிந்தும் பனிமூட்டம் விலகவில்லை. ஏழு மணி விமானம் ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் புறப்பட்டது. ஒன்பது ஐம்பதுக்குச் சென்னையில் இறங்கியது; ஆம், ஒரு மணி நேரந்தான். பிறகு பெட்டிக்குக் காத்திருந்து, வண்டி பிடித்து, காலை நேரத்துப் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து ஆஸ்பத்திரியை அடைந்தபோது பதினொன்றரை. தங்கை ஏழரை மணிக்கே கண்ணை மூடிவிட்டிருந்தார். விடியற்காலை நாலு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாராம்.

பெரியவர் இதை யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே வாடகைக் கார், அதே இரவு பத்தரை மணிக்கு, மேற்கே போகாமல் கிழக்கே திரும்பிச் சித்தூர், இராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று போயிருந்தால் மூன்று மணிக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கும்.

நான் சொன்ன விடையில் பிழை இல்லை. எந்தக் கால அட்டவணையைப் புரட்டினாலும் ஐந்து பத்து நிமிஷம் முன்பின்னாக அதே ஒரு மணியைத்தான் காணலாம். ஆனால் அவர் தம் வீட்டு வாசற்படியிலிருந்து கேட்டார்; நான் விமானத்தின் படிக்கட்டிலிருந்து பதில் சொன்னேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்த ஊர்களிலும் சிதறியிருக்கிறார்கள். இந்தக் கேள்வி எந்த வீட்டிலும் எந்த இரவிலும் எழக்கூடும். ஆதலின் தூரத்தையும் நேரத்தையும் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை எழுதிவைக்கத் துணிந்தேன்.

முதலில் தூரம். பெங்களூருக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் குறைந்தது மூன்று விடைகள் உண்டு. பறவை பறப்பதுபோல் நேர்கோட்டில் அளந்தால் நகரத்திலிருந்து நகரத்துக்குச் சுமார் 290 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு இன்னும் குறைவு, ஏறக்குறைய 268. சாலை வழியாகச் சென்றால், எந்தச் சாலை என்பதைப் பொறுத்து, 330 முதல் 350 வரையில். இருப்புப்பாதை வழியாகச் சுமார் 360.

இருப்புப்பாதை ஏன் நீளுகிறது என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். சென்னை கடல்மட்டத்தில் இருக்கிறது. பெங்களூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மோட்டார் வண்டி மொகிலி கணவாயில் வளைந்து வளைந்து ஏறிவிடும். நீராவி எஞ்சினால் அப்படி ஏற முடியாது. அதற்குச் சரிவு மெதுவாக இருக்கவேண்டும். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரெயில் ஓடியது 1856 ஜூலை முதல் தேதி. அதற்குப் பிறகு பாதை நம் பக்கம் திரும்பாமல், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தெற்கே இறங்கி, ஜோலார்பேட்டையில் திரும்பி, குப்பம் வழியாக மேட்டுநிலத்தில் ஏறி, 1864-இல் பெங்களூரைச் சேர்ந்தது. அன்று போட்ட அந்த வளைவினால்தான் பங்காருபாளையத்துக்கு இன்றுவரை ரெயில் கிடையாது. காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் பாதையில் உள்ள சித்தூரே நமக்கு அண்மையிலுள்ள ஸ்டேஷன். (பங்காரப்பேட்டை என்ற பெயரில் கோலார் ஜில்லாவில் ஒரு ஜங்ஷன் இருக்கிறது. கலியாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் ஒரு முறை அதையே நம் ஊர் என்று எண்ணி டிக்கெட்டு வாங்கி, அங்கே இறங்கி, முகூர்த்தத்தைத் தவறவிட்ட கதையை இந்த ஊரில் யாரும் சொல்வார்கள்.)

இனி நேரம். விமானம் மேலே நிதானமாகச் செல்லும்போது மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அப்படியானால் 268 கிலோமீட்டரை இருபது நிமிஷத்தில் கடந்துவிட வேண்டுமே; டிக்கெட்டில் ஒரு மணி என்று ஏன் போடுகிறார்கள்? காரணம் இது. விமானத்தின் நேரத்தை, அது நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்தது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரையில் கணக்கிடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து ஓடுபாதையின் தலைப்புக்கு ஊர்ந்து செல்லவேண்டும். முன்னால் நாலு விமானங்கள் நின்றால் காத்திருக்கவேண்டும். காற்றை எதிர்த்தே எழும்பவேண்டுமாதலால், சில நாட்களில் போகவேண்டிய திசைக்கு நேர்மாறாகப் புறப்பட்டுப் பிறகு திரும்பவேண்டும். இத்தகைய குறுகிய வழியில், வேண்டிய உயரத்துக்கு ஏறி முடித்த சிறிது நேரத்துக்குள்ளாகவே இறங்கத் தொடங்கிவிடுகிறது. முழு வேகத்தில் ஓடுவதற்கு அதற்குச் சந்தர்ப்பமே இல்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் சிறிய விசிறி விமானமும் இந்த வழியில் பெரிய விமானத்தைவிட அதிகம் பிந்துவதில்லை.

பெரியவரின் மகனைக் குறைசொல்வதற்கும் இடமில்லை. அவன் இருக்கும் இலண்டனுக்கும் பிரெஞ்சு தேசத்துத் தலைநகரமாகிய பாரிசுக்கும் நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர். நம் சென்னை–பெங்களூர் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். விமானத்தில் ஒன்றேகால் மணி. நடுவில் கடல் வேறு. ஆகவே இந்தத் தூரத்துக்கு ஆகாய மார்க்கமே விரைவு என்று அவன் எண்ணியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நடந்த கதை ரெயில்வேக்காரனாகிய எனக்கு மிகவும் பிடித்தமான கதை. ஆதலால் சற்று விரித்துச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்கவேண்டும்.

உலகத்திலேயே நாடு விட்டு நாடு நாள்தோறும் தவறாமல் செல்லும் விமானப் போக்குவரத்து முதன்முதலாக ஏற்பட்டது இந்த இலண்டன்–பாரிஸ் வழியில்தான்; 1919 ஆகஸ்டு 25-ஆம் தேதி. அன்று அந்தச் சிறு விமானம் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் இரண்டரை மணி. பின்னர் விமானங்கள் பெருத்தன, வேகம் கூடியது, நேரம் பாதியாயிற்று. கப்பலிலும் ரெயிலிலுமாக மாறி மாறிச் சென்றவர்கள் எல்லாரும் ஆகாயத்துக்கு ஏறினார்கள். இதற்கிடையில் கடலுக்கு அடியில் செல்லும், மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் குடைந்து, 1994-இல் ரெயில் விட்டார்கள். 2007-இல் இங்கிலாந்துப் பக்கத்திலும் அதிவேகப் பாதை முழுவதும் முடிந்தது. இன்று அந்த ரெயில் சுமார் இரண்டே கால் மணியில் பாரிஸ் சேருகிறது. விமானத்தைவிட ஒரு மணி அதிகம்! ஆயினும் அந்த இரு நகரங்களுக்கிடையே செல்லும் ஜனங்களில் பெரும்பகுதியினர் ரெயிலைத்தான் நாடுகிறார்கள். ஏனெனில் ரெயில் ஊர் நடுவில் புறப்பட்டு ஊர் நடுவில் நிற்கிறது. விமான நிலையங்களோ இரண்டு ஊர்களிலும் பெரும்பாலும் ஊர் நடுவிலிருந்து தொலைவில் உள்ளன. அந்தத் தேசத்தவர்கள் வாசற்படியிலிருந்து வாசற்படிக்குக் கணக்கெடுக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

இந்த வழியில் மற்றொரு மயக்கமும் உண்டு. பாரிசின் கடிகாரம் இலண்டனைவிட ஒரு மணி முந்தியது. பத்து மணிக்கு இலண்டனில் புறப்பட்டால் பன்னிரண்டேகாலுக்குப் பாரிசில் இறங்குவதாக டிக்கெட்டு சொல்லும். திரும்பும்போதோ பத்து மணிக்குப் புறப்பட்டுப் பத்தேகாலுக்கே வந்துவிட்டதாகச் சொல்லும். வெளிநாட்டுக்கு முதல் தடவை போகும் பெற்றோர்கள் டிக்கெட்டில் கழித்தல் கணக்குப் போட்டுக் குழம்புவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 1906 ஜனவரி முதல் தேதி இந்தியாவுக்குப் பொது நேரம் ஏற்படும் முன்னர், ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டார்கள். சூரியனைக் கேட்டால் பெங்களூர் சென்னைக்குச் சுமார் பதினொரு நிமிஷம் பிந்தியது. ரெயில்கள் மட்டும் சென்னை வானிலைக் கூடத்தின் நேரத்தையே தேசம் முழுவதற்கும் வைத்துக்கொண்டு ஓடின. இன்றைய பொது நேரம் அந்தச் சென்னை நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் முந்தியது.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் விவரமுள்ளவர்கள் என்றே சொல்லவேண்டும். தூரத்தைச் சொல்லும்போதே நேரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். அந்த நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கும் தூரம் ஒரு நாழிகைவழி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மைல். "அவ்வூர் மூன்று நாழிகைவழி" என்று ஒருவர் சொன்னால், எப்போது புறப்பட்டு எப்போது சேரலாம் என்பதைக் கேட்டவர் அக்கணமே அறிந்துகொண்டார். நடையை விட்டு வண்டியில் ஏறிய பிறகு தூரம் வேறு, நேரம் வேறு என்று பிரிந்துபோயிற்று.

நிற்க. நம் ஊரை எடுத்துக்கொள்வோம். படத்தை விரித்து, சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்கும் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். அந்த நூலின் சரிபாதி நம் பங்காருபாளையத்துக்குச் சற்றே தெற்கில் விழும். இரவில் மொட்டை மாடியில் படுத்தால் மேலே விளக்கு மினுக்கிச் செல்வதைக் காணலாம். நடுவில் இருப்பவனுக்கு அந்த விமானத்தினால் பயன் இல்லை; அதில் ஏறவேண்டுமானால் பாதி வழியைப் பின்னோக்கிச் சென்று, பிறகு தன் வீட்டின் மேலாகவே பறந்து திரும்பவேண்டும். பெரியவர் அன்று செய்தது இதுவே. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் மேற்கே போய், ஆகாயத்தில் 268 கிலோமீட்டர் கிழக்கே வந்தார். அவர் போகவேண்டிய இடமோ அவர் வீட்டிலிருந்து சாலை வழியாக 180 கிலோமீட்டருக்கு உட்பட்டது.

பெங்களூர் விமான நிலையம் முன்பு நகரத்தை ஒட்டி விமானபுரத்தில் இருந்தது. 2008 மே மாதத்தில் தேவனஹள்ளிக்கு மாறியது. ஆகாய தூரத்தில் அதனால் ஒன்றும் பெரிய மாறுதல் இல்லை. ஆனால் நகரத்தில் வசிப்பவர்களுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் தரைப் பிரயாணம் சேர்ந்துகொண்டது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டம் அங்கே சகஜம் என்பதையும் நம்மவர்கள் நினைவில் வைக்கவேண்டும். 2022 நவம்பர் 11 முதல் சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக மைசூருக்கு ஓடும் வந்தே பாரத் வண்டி சென்னை–பெங்களூர் தூரத்தை ஏறக்குறைய நாலரை மணியில் கடக்கிறது. சதாப்தி வண்டிக்குச் சுமார் ஐந்து மணி. பெங்களூர் நகரத்து நடுவில் வீடும், சென்னை நகரத்து நடுவில் வேலையும் இருப்பவர் இருவழியையும் வாசற்படிக் கணக்காகப் போட்டுப் பார்த்தால், விமானம் லாபமா என்பது சந்தேகமே. இதை என் உத்தியோகப் பாசத்தினால் சொல்வதாக நினைக்கவேண்டாம். சென்னையிலிருந்து டில்லிக்கு ரெயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர், ஒரு பகல் ஓர் இரவுக்கும் மேலே. விமானத்தில் மூன்று மணிக்குள். அங்கே முன்னும் பின்னும் ஐந்து மணி வீணானாலும் விமானமே விரைவு. இலண்டனுக்குச் சொல்லவே வேண்டாம். காத்திருக்கும் நேரம் இங்கும் அங்கும் ஒன்றுதான். தூரம் கூடக் கூட அது சிறுத்துக்கொண்டே போகிறது, குறையக் குறைய அதுவே பிரயாணமாகிவிடுகிறது.

புதிதாக அமையும் சென்னை–பெங்களூர் விரைவுச் சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 262 கிலோமீட்டர் நீளமுள்ள இதற்கு 2022 மே 26-ஆம் தேதி சென்னையில் அடிக்கல் நாட்டினார்கள். பங்காருபாளையத்திலிருந்து குடிபாலா வரையிலுள்ள பகுதி அதில் ஒரு பிரிவு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்குத் திட்டமிட்ட சாலை இது. அந்த வேகத்தைக் கேட்டு மாங்காய் வியாபாரிகள் மகிழ்வது நியாயமே. ஆனால் இத்தகைய சாலையில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. நம் ஊரார் வேகத்தைப் பற்றி விசாரிப்பதைவிட, ஏறும் வாயில் எந்த இடத்தில் என்று விசாரிப்பது நல்லது.

சென்ற வாரம் பெரியவர் மறுபடி வந்தார். மகன் சித்திரையில் விடுமுறைக்கு வருகிறான். சென்னையில் இறங்கச் சொல்லட்டுமா, பெங்களூரிலா என்று கேட்டார். இந்தத் தடவை நான் வாயால் விடை சொல்லவில்லை. திண்ணையில் உட்காரவைத்துக் காகிதமும் பென்சிலும் கொடுத்தேன். இலண்டனில் மகன் வீட்டுக் கதவைப் பூட்டும் நேரம் முதற்கொண்டு எழுதினோம். ஆகாயத்தில் இருக்கும் நேரம் இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய பத்து முதல் பதினொரு மணி; அதில் பெரிய பேதமில்லை. இறங்கிய பிறகு பெங்களூரிலிருந்து காரில் மூன்று மணி, சென்னையிலிருந்து நாலு மணி. பெங்களூர் விமானம் அதிகாலை ஐந்து மணிக்கு இறங்குகிறது. ஆகவே மொகிலி கணவாயை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம்.

பெரியவர் பென்சிலை நிறுத்தினார். "ஐந்து மணி என்றால், பனி இருக்காதா தம்பி?"

"சித்திரையில் இராது, ஐயா."

அவர் அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகனுக்குச் சொல்ல வீட்டுக்குப் போனார்.